தனித் தம்ளர்

கரமனை அக்ரஹாரத்தில் வெங்கடேஸ்வரனின் மடி ஆசாரம் பிரசித்தம். அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நாற்பது வயதுவரை கேன்டீன் வடையை ஒரு கை பார்த்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் படுக்கை என்று ஆரம்பித்தார். தெருவே சிரித்தது. மனைவி சூடாமணி மட்டும் சிரிக்கவில்லை. கணவருக்குத் தன்மேல் வெறுப்பு என்று எண்ணிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

உண்மை வேறு. ஆபீசில் நடந்த ரத்ததான முகாமில் அவர் ரத்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி, ஈரலில் குடியிருக்கும் வைரஸ். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மனிதர் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று தவித்து அவர் கண்டுபிடித்த வழிதான் மடி. இருபத்திரண்டு வருஷம் அவள் விரலைக்கூடத் தொடவில்லை. அன்பில் குறைவில்லை, ஆனாலும் அன்பு இவ்வளவு அசடாக இருக்க வேண்டாம்.

அறுபத்திரண்டு வயதில் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. புது மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் பழைய வைரஸ் அகப்பட்டுக்கொண்டது.

"ஆன்ட்டி வெளியே இருக்கட்டுமா சார்?" என்று மலையாளி டாக்டர் அஸ்வதி கேட்டார்.

வெங்கடேஸ்வரன் மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேண்டாம். அவளும் கேக்கட்டும்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "வைரஸ் வருஷக்கணக்கா உள்ள இருந்தா, உடம்பு ஓயாம சண்டை போட முடியாது சார், ஈரலே நாசமாயிடும். அதனால காவல் அணுக்களுக்கு உடம்பே ஒரு தடை போட்டு வைக்கும். கேன்சரும் அந்தத் தடையை வச்சுத்தான் தப்பிக்குது. இந்த மருந்து தடையை எடுத்துடும். அப்போ அணுக்கள் கேன்சர் மேல பாயும். சிலருக்கு ஈரல் மேலயும் பாயும். அதான் வைரஸுக்கு முதல்ல மாத்திரை தொடங்கறோம். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். ஆன்ட்டிக்கு டெஸ்ட் பண்ணியாச்சா?"

அவர் தட்டு, தம்ளர் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயோ சார், தட்டு தம்ளர் வழியா இது பரவவே பரவாது! அப்பவே டெஸ்ட் பண்ணி மூணு தடுப்பூசி போட்டிருந்தா மதியல்லோ, அதே போதுமே!"

சூடாமணி ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினாள். மூன்று நாள் வெங்கடேஸ்வரன் தன் புற்றுநோயை மறந்தே போனார். அவள் ரிசல்ட் ஒன்றுதான் நினைவு.

அவளுக்கு வைரஸ் இல்லை. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அவள் உடைந்து அழுதாள்.

"வியாதி வந்திருந்தாக்கூடத் தாங்கிண்டிருப்பேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு இருபத்திரண்டு வருஷம் நெனச்சுண்டிருந்தேனே, அதுக்கு எந்த ஊசியைப் போடுவேள்?"



மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து மருந்து ஏற்றினார்கள். கட்டி கரையுமா, ஈரல் தாங்குமா என்று டாக்டராலும் உறுதி சொல்ல முடியவில்லை. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சூடாமணி பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றினாள். வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரே தம்ளர், அவருடைய தனித் தம்ளர். அதில் உதடு வைத்துச் சீப்பிப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை நீட்டினாள்.

"குடியுங்கோ."

ஊசி ஏறாத கையால் வாங்கினார். அவள் விரல் பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.