கோகிலவாணி வீட்டு மழை டப்பா

கோகிலவாணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். ஊர் நிறுத்தத்தில் அவள் டீக்கடை வைத்திருக்கிறாள். டீ ஆறிப்போச்சு என்று யாராவது சொன்னால், "வாய் ஓயாம பேசிக்கினு இருந்தா ஆறாம இன்னா பண்ணும்?" என்பாள். நிறுத்தத்தைத் தாண்டிப்போய் வண்டியை நிறுத்திய டிரைவரைக் கரண்டியும் கையுமாகத் துரத்திப்போய்த் திட்டியவள் அவள். அந்த டிரைவர் இப்போது கடைக்கு நேரே நிறுத்துகிறார், டீயும் அங்கேதான் குடிக்கிறார். பெண்டாட்டியின் கோபத்துக்குப் பயந்துதான் புருஷன் சின்னராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய். ஜவ்வாது மலையில் வேலை இல்லாமல்தான் போனான்.

இத்தனை கோபத்திலும் பெரிய கோபம் மழைச் செய்தி சொல்கிறவர்கள் மேல். ஒரு ஐப்பசியில் ஓடை பெருகி அவளுடைய ஆட்டுப்பட்டியை அப்படியே வாரிக்கொண்டு போனது. நாளெல்லாம் ஆடுகளைத் தேடி, கிடைக்காமல், முழங்கால் சேற்றோடு வந்து டிவியைப் போட்டால், "வட உள் மாவட்டங்களில் லேசான மழை" என்று ஒரு பெண் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி டிவியைப் பார்த்தே கத்தினாள். "லேசான மழையா? எங்க மலைக்கு ஒரு பேர் கெடயாதா? எங்க வூட்டு மேல பேஞ்சா அது மழை இல்லயா?"

அந்தப் புலம்பலை அவள் டீயோடு சேர்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அதைக் கேட்டவன் கோகுலகிருஷ்ணன். ஒடுகத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஆனால் உயிரெல்லாம் வானத்தில். மேகம் பார்க்கவே மலைக்கு வண்டி ஏறி வருவான். "அக்கா, நீங்க சொல்றது நெசம். மேல அளக்குறதுக்கு ஆளே இல்ல. நீங்க அளங்க, டிவிக்காரங்ககிட்ட சொல்லி உங்க ஊர் பேரை நான் வர வெக்கிறேன்" என்றான். அடுத்த முறை வந்தபோது மழை அளக்க, கோடு போட்ட, கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் குழாய் டப்பாவைக் கொண்டுவந்து அவள் வீட்டு மொட்டைமாடியில் கம்பி நட்டுக் கட்டினான். 'வடக்கு வானம்' என்கிற வாட்ஸப் குரூப்பிலும் அவளைச் சேர்த்துவிட்டான். அதில் எல்லோரும் மழைப் பைத்தியங்கள். வங்கி வேலைக்காரர், காலேஜ் பையன், பல் டாக்டர் என்று வகைவகையாக இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. டப்பா நிரம்பி வழிந்துவிட்டால் அந்த அளவு செல்லாது. நிரம்புவதற்குள் பார்த்து, குறித்து, கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கவேண்டும்.

கோகிலவாணி அந்தச் சட்டத்தைச் சாமி சத்தியம் மாதிரி காப்பாற்றினாள். இரண்டு வருஷத்தில் மலை மழைக்குக் கோகிலவாணி என்று ஆகிவிட்டது. ஊரிலும் அப்படித்தான். விதைப்பதற்கும் அறுப்பதற்கும் முன்னால் கடைக்கு வந்து, "இன்னா வாணி, வானம் இன்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது?

இந்தக் கார்த்திகையில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உண்டானது. குரூப்பில் திருவிழா தொடங்கிவிட்டது. ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆனபோது ஒருவர் பட்டாசுப் படம் போட்டார். புயல் ஆனதும் பல் டாக்டர் பாயசம் வைத்ததாகவே எழுதினார். "கடல் நல்லா சூடா இருக்கு, இன்னும் ஏறும்", "புயலோட கண்ணு தெரியுது பாருங்க, என்ன அழகு", "ஏறு செல்லம் ஏறு" என்று பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி கொஞ்சினார்கள். கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஜன்னல் இருக்குது, சாத்திக்குவீங்க. எங்களுக்குச் சாமை அறுத்துக் கெடக்குது" என்று எழுதினாள். அதற்கும் நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

சாமை கிடந்தது உண்மை. அவளுடைய ஓரகத்தி பச்சையம்மா, சின்னராஜின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி, தன்னந்தனியாக விதைத்து அறுத்த சாமை. அந்த வருஷத்துச் சோறும் அதுதான், அடுத்த வருஷத்து விதையும் அதுதான். வேறு போக்கு அவளுக்கு இல்லை. புயல் வருகிறது என்று கோகிலவாணிதான் போய்ச் சொன்னாள். இருவருமாகக் கதிர்க்கட்டுகளை, கதிரடிக்கிற பாறைக்களத்து ஓரம் போராகப் போட்டார்கள். கோகிலவாணி தன் கடைத் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூடி, கல் வைத்தாள். "நீ இருக்கப்போயி பொழச்சேன்டி" என்றாள் பச்சையம்மா.

புயல் கரையைத் தொடுகிற நேரத்தில் சோர்ந்து, சாதாரணமாகக் கடந்துபோனது. குரூப்பில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. "சப்புனு போச்சு", "ஏமாத்திட்டான்", "ஷோ முடிஞ்சுது, எல்லாரும் தூங்கப் போங்க" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோகுலகிருஷ்ணனும், "மலைக்கு வெறும் தூறல்தான் அக்கா" என்று போட்டான். மறுநாள் காலை வெயிலும் சுள்ளென்று அடித்தது. கோகிலவாணி கடையில் நின்று, "புயல் போய்டுச்சு, இனிமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். மழை விட்டும் தூவானம் விடாது என்று பழமொழி சொல்லியே வளர்ந்தவள்தான். அன்றைக்கு அது அவள் வாயில் வரவில்லை.

பச்சையம்மா போரைப் பிரித்துப் பாறை முழுக்கக் கதிரைப் பரப்பினாள். காய்ந்ததும் மாடு கட்டி மிதிக்கலாம் என்று கணக்கு. தார்ப்பாயை மடித்துக் கொண்டுவந்து கோகிலவாணி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கரையைக் கடந்த புயல் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளே வந்து மலைமேல் உட்கார்ந்துகொண்டது. முதல் துளிக்கே கோகிலவாணி மாடிக்கு ஓடினாள். வீட்டில் சிக்னலும் அங்கேதான் கிடைக்கும், டப்பாவும் அங்கேதான் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் டப்பாவில் தண்ணீர் கண் எதிரில் ஏறியது. குறித்தாள், கொட்டினாள், குரூப்பில் போட்டாள்.

"அக்கா, டப்பாவுல நீங்களே தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று கேட்டார் வங்கிக்காரர். "ரேடார்ல அவ்வளவு காட்டலையே" என்றான் காலேஜ் பையன்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டுப்பட்டி போன நாளின் கோபம், லேசான மழை என்று கேட்ட கோபம், எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. இன்றைக்கு விடக்கூடாது, ஒரு துளி வழியக்கூடாது, அளந்து இவன்கள் முகத்தில் அடிக்கவேண்டும் என்று நின்றாள். டப்பா மறுபடி நிரம்பியது. படம் எடுத்தாள், கொட்டினாள், போட்டாள். குரூப் விழித்துக்கொண்டது. போன கூட்டமெல்லாம் திரும்பி வந்தது. "அய்யோ, என்ன மழை!", "அக்கா, விடாதீங்க!", "ரெக்கார்டு வருது!"

அப்போதுதான் பாறைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வாணீ... தார்ப்பாய் கொண்டாடீ!"

கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகக் கேட்டது. "தோ வர்றேன்க்கா!" என்று பதிலும் கொடுத்தாள். ஆனால் டப்பாவில் விளிம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. இதை மட்டும் குறித்துவிட்டு இறங்கலாம் என்று நின்றாள். குறித்துவிட்டு நிமிர்ந்தால், கொட்டிய டப்பாவில் மறுபடி பாதி ஏறியிருந்தது. இதையும் பார்த்துவிடலாம் என்று நின்றாள். பச்சையம்மா மறுபடி கூப்பிட்டாள், அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அவள் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாறையே ஓடையாகி இருந்தது. தண்ணீர் தகடு தகடாக வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பச்சையம்மா கீழ்விளிம்பில் புடவையை விரித்துப் படுத்து, நெஞ்சால் அணை கட்டிக் கதிரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிச் சாமை போய்க்கொண்டே இருந்தது. கோகிலவாணி பக்கத்தில் போய் விழுந்தாள். பச்சையம்மா திரும்பிப் பார்த்து, "எவ்ளோ பேஞ்சுதுன்னு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதைவிட ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் மழை விட்டது, கரண்ட் வரவில்லை. பச்சையம்மா முகம் கொடுத்துப் பேசாமல் பாறை இடுக்குகளில் தேங்கிய தண்ணீரிலிருந்து சாமையைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆழத்தில் நிறைய தங்கியிருந்தது, கை போகவில்லை. கோகிலவாணி வீட்டுக்குப் போய் மாடியேறி, கம்பியை முறுக்கி, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இடுக்குக்குள் அது சரியாக நுழைந்தது. தண்ணீரோடு சாமையை மொண்டு மொண்டு துணியில் ஊற்றினாள். தண்ணீர் வடிந்து தானியம் நின்றது. பாதி மணல்தான். இருந்தாலும் நின்றது.

இடுப்பில் இருந்த போன் அடித்தது. கோகுலகிருஷ்ணன்.

"அக்கா! டிவில உங்க ஊர் பேர் வந்துடுச்சுக்கா! ஜவ்வாது மலையில உங்க ஊர்லதான் அதிகம்னு சொன்னாங்க. குரூப்புல ஒரே வாழ்த்துதான். கேமரா எடுத்துக்கினு மேல வர்றேன், நீங்க டப்பாவோட நிக்கிற மாதிரி ஒரு வீடியோ..."

ஆசைப்பட்டது அதற்குத்தான். இரண்டு வருஷமாகக் காத்திருந்தது அந்தப் பேருக்குத்தான். இப்போது அது காதில் விழுந்ததும் துணியில் நின்ற சாமையைத்தான் பார்த்தாள். "சாமை போச்சு தம்பி" என்றாள்.

"அய்யோ... சாரிக்கா. பாவம்தான். அது... கடைசி அளவு மட்டும் நீங்க போடல. நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் எவ்ளோன்னு எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க..."

"கடைசி அளவுதான வேணும்? எழுதிக்க" என்றாள் கோகிலவாணி. குரல் பாறையில் மோதித் திரும்பியது. "நாலு டப்பா. தண்ணி இல்ல, சாமை. பாதி மண்ணு. என் ஓரகத்தி ஒரு வருசம் துன்றதுக்கு இருந்ததுல மிச்சம் அதான். போடு குரூப்புல. அதுக்கும் பட்டாசு வுடச் சொல்லு, ஏறு செல்லம்னு கொஞ்சச் சொல்லு. அவனுங்க ஷோ முடிஞ்சுதுன்னு சொன்னத நம்பி ஊருக்குச் சொன்னவ நான். கூப்ட கூப்ட எறங்காம மேல நின்னவளும் நான்தான். அதையும் சேர்த்துப் போடு. வுட்டுடாத!"

அவள் இன்னும் திட்ட வாயெடுத்தாள். டிவிக்காரியைத் திட்ட வேண்டியிருந்தது, பல் டாக்டரைத் திட்ட வேண்டியிருந்தது.

"போதும் வுடுடீ" என்றாள் பச்சையம்மா. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை. "வெயில் ஏறுது. இடுக்குல கெடக்கறது மொளச்சுப் போய்டும். குனி."

கோகிலவாணி போனை அணைத்துப் பாறைமேல் வைத்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.