கட்டக் கூடாத கிடா

எங்கள் தாராவி வீட்டில் நாலு ஆடும் பதினொரு கோழியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் கயிறு உண்டு, ஒரே ஒரு கிடாவைத் தவிர. அந்த ஒன்றால்தான் என் படிப்பு போனது. அறுபது வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

வீடு என்றால் பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒற்றை அறை. வெளிச்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே கிடந்த ஆறடி இடத்தில் அம்மா சாக்குப் படுதா தொங்கவிட்டு ஆடுகளைக் கட்டுவாள். கோழிகளுக்குப் பகலில் காலில் துணி நாடா, பொழுது சாய்ந்தால் பஞ்சாரம். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைக்க வேண்டும். வைக்க மறந்தால் விடிவதற்குள் பெருச்சாளி ஒரு குஞ்சைக்கூட மிச்சம் வைக்காது. எழுந்ததும் புழுக்கை கூட்டுவது, முட்டை எடுப்பது, மார்க்கெட்டில் உதிர்ந்து கிடக்கும் முள்ளங்கி இலையையும் கோஸ் இலையையும் பொறுக்கி வருவது எல்லாம் என் வேலை. அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். முடித்துக் கை கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவேன். முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளிக்கூடம். கணக்கில் நான்தான் முதல்.

தம்பிக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. தோல் கம்பெனியிலிருந்து ஓடிவந்த அப்பா தெற்குப் பார்த்து நின்று, திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் சாமிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஊசி போட்டார்கள், பிழைத்தான். பேர் வாங்கியது சாமி. அந்த வாரம் எங்கள் வெள்ளாடு போட்ட கிடாக்குட்டியின் இடது காதில் அப்பா சவரக்கத்தியால் ஒரு கீறல் போட்டார். அதோடு அது சாமியின் கிடா ஆகிவிட்டது.

ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. சாமிக்கு விட்ட கிடாவைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது யார் வயலில் மேய்ந்தாலும் காதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். திருடனுக்கும் அதைத் தொடப் பயம். ஊர் முழுக்க ஒரே சாமியைக் கும்பிடும் இடத்தில் அது சரி. தாராவியில் யாருக்கு அந்தக் காது தெரியும்? மாகிம் ரயிலுக்குத் தெரியுமா? தெருவில் திரியும் மாடு, ஆடுகளை அள்ளிப்போகும் முனிசிபாலிட்டி வண்டிக்குத் தெரியுமா? எங்கள் அப்பாவோ பம்பாய்க்கு வந்து பத்து வருஷமான பிறகும் அந்தக் கிடாவை ஊர்ப் பொட்டலில் விடுவதுபோல விட்டார்.

குட்டி வளர்ந்து வெளியே திரியத் தொடங்கிய முதல் வாரமே அது குயவர் தெருவில் காயவைத்திருந்த பானைகளுக்குள் புகுந்து இரண்டை உடைத்தது. அடுத்த வாரம் யாரோ உலர்த்திய வேட்டியில் பாதியைத் தின்றது. சண்டை வீட்டு வாசலுக்கு வந்தது. அம்மா மெல்லச் சொன்னாள்.

"ஒரு கயித்தப் போட்டுக் கெட்டிருவோமே. சாமிக்கு நம்ம நெலம தெரியாதா?"

"வாய மூடு. சாமி குத்தம் ஆயிரும். பிள்ள பொழச்சுக் கெடக்கான்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இனிமே நீ அது கூடவே போ."

அவ்வளவுதான். கிடாவைக் கட்டக் கூடாது, அதனால் என்னைக் கிடாவோடு கட்டினார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேளை மட்டும் போனேன், தீபாவளிக்குப் பிறகு அதுவும் நின்றது. காலையில் கிடா எழுந்து நடக்கும். நான் பின்னால் நடப்பேன். உப்பங்கழியை நாங்கள் காடி என்போம். அந்தக் காடிக்கரைச் சேற்றில் இறங்கி அலையாத்தி இலையைத் தின்னும். முழங்கால் சேற்றில் நானும் நிற்பேன். தண்டவாளத்துப் பக்கம் திரும்பினால் குறுக்கே ஓடி மறிப்பேன். அடிக்கக் கூடாது என்பதால் கையில் குச்சிகூடக் கிடையாது. போகிறவன் வருகிறவன் எல்லாம் "ஏ லட்கி, பக்ரா கிஸ்கா?" என்று கிடா யாருடையது எனக் கேட்பான். எங்கள் சாமியுடையது என்று இந்தியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். "மேரா" என்பேன். அது என்னுடையதாக இருந்திருந்தால் அன்றைக்கே காடியில் தள்ளிவிட்டிருப்பேன்.

மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எங்கள் டீச்சர் ஒருநாள் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி குழந்தே, பரீட்சைக்கு மட்டுமாவது வந்துடேன். நாலே நாள். எழுதிட்டியானா அஞ்சாம் கிளாஸ்ல ஒக்காந்துடலாம். ஆஜர் விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

நான் வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் அம்மாவின் கிழிந்த சேலையைத் திரித்துக் கயிறாக்கினேன். காலையில் அப்பா வேலைக்குப் போனதும் சாமியின் கிடாவை, காலியாகக் கிடந்த தார் டிரம்மோடு சேர்த்துக் கட்டினேன். சாமி ஒன்றும் செய்யவில்லை. கிடாவும் கோஸ் இலையை மென்றுகொண்டு படுத்துக் கிடந்தது. அம்மா பார்த்தாள், பார்க்காததுபோல் கோழிக்குத் தவிடு பிசைந்தாள். அன்று தமிழ்ப் பரீட்சையை எழுதிவிட்டு ஓடிவந்து அவிழ்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கணக்கு. ஐந்தாவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். ஒரு தோப்பில் பதினெட்டு வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு தென்னை. பட்டுப்போனவை முப்பத்தேழு. மிச்சம் எத்தனை? பெருக்கி நானூற்று முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டேன். கழிக்க வேண்டியதுதான் பாக்கி. வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. கம்பெனியில் தோல் வராததால் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். வந்து டிரம்மைப் பார்த்திருக்கிறார்.

"சாமி கெடாவக் கெட்டிப் போட்டுட்டு இங்க வந்து என்னட்டி எழுதுத?"

டீச்சர் எழுந்து, "இன்னும் அரை மணிதான், முடிச்சுடட்டும்" என்று கெஞ்சினார். அப்பா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பேனா பெஞ்சிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் மாணவியாகக் கால் வைக்கவில்லை.

சித்திரையில் ஊரில் சாமிக்குக் கொடைத் திருவிழா. கிடாவை ஏற்றிக்கொண்டு போவது எப்படி என்று விசாரிக்க ஸ்டேஷனுக்குப் போன அப்பா, திரும்பும்போது எங்கள் தெருக்கோடிக் கசாப்புக்கடைக்காரரைக் கூடவே கூட்டிவந்தார். ரயிலில் இரண்டு நாள், தீனி, தண்ணீர், மெட்ராஸில் வண்டி மாற வேண்டும், தோதுப்படாது என்றார். அம்மா திகைத்துப் போய், "சாமிக்கு விட்டதாச்சே?" என்றாள்.

"சாமிக்கு ஒரு கெடா போயிச் சேரணும், அம்புட்டுத்தான். ஊர்ல போயி ஒண்ணு வாங்கிக் காதக் கீறுனா ஆச்சு. எந்தக் கெடாவா இருந்தா என்ன?"

எந்தக் கிடாவாக இருந்தாலும் சரி என்றால் நான் ஏன் காடியில் நின்றேன்? அதை யாரிடமும் கேட்கவில்லை. கசாப்புக்கடைக்காரர் முதல் வேலையாகக் கிடாவின் கழுத்தில் கயிற்றைப் போட்டார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். சாமி குத்தம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

கொடைக்கு ஊருக்குப் போனதும் சந்தையில் ஒரு கறுப்புக் கிடா வாங்கினார்கள். காதைக் கீறி, மாலை போட்டு, கோயில் பக்கத்து வேப்பமரத்தில் நல்ல புதுக்கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் அப்பாவிடம் போனேன்.

"சாமி கெடாவக் கெட்டலாமாப்பா?"

"இது இப்ப வாங்குனதுல்லா. கெட்டலன்னா ஓடிரும்" என்றார், சாதாரணமாக.

நான் முடிச்சை அவிழ்த்தேன். யாரும் தடுக்க வருவதற்குள் கிடாவின் பிட்டத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அது மாலையோடு குளத்தங்கரையில் பாய்ந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மாமன், சித்தப்பன் எல்லாரும் ஓடினார்கள். நான் வேப்பமர நிழலில் நின்று பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதில்லை.

பிடித்துக்கொண்டு வந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அவிழ்த்துவிட்ட அதே கயிற்றை மடித்து என்னை அடித்தார். நான் அழவில்லை என்பது அவருக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"எதுக்குட்டி அவுத்துவிட்ட? வாயத் தொறந்து பதில் சொல்லு!"

வாயைத் திறந்தேன். "முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு தென்ன" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.