ராக்கெட்டுக்கு அடியில் ஒருத்தி

அறிவியல் காட்சிக்கூடத்தில், குழந்தைகளைக் கிரகம் கிரகமாக அழைத்துப் போகும் ராக்கெட் ஒன்று இருக்கிறது. தகரக் கூடு, பலகைத் தரை, பன்னிரண்டு இருக்கை, எதிரே ஒரு திரை. திரையில் நிலா வரும், செவ்வாய் வரும், வியாழன் வரும். அதற்கேற்பத் தரை ஆட வேண்டும். ஆட்டுவதற்கு ஒரு மோட்டார் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அது புகைந்து உயிரை விட்டது.

புது மோட்டார் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. கடிதம் போனதுதான் மிச்சம், மோட்டார் வந்தபாடில்லை. "ரெண்டு நாளைக்கு மட்டும் சமாளிம்மா" என்று அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண்ணிடம் சொன்னார்கள். அவளும் ராக்கெட்டுக்கு அடியில் நுழைந்து, நீளமான இரும்புக் கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். இன்றுவரை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பதவி உயர்வு என்று பார்த்தால், எல்லோரும் அவளைப் 'பூகம்பம்' என்று கூப்பிட ஆரம்பித்ததுதான்.

மேலே தொப்பி போட்டுக்கொண்டு மைக்கில் பேசுகிறவர் கேப்டன். அவர் காலால் ஒரு மணியை அழுத்துவார். ஒரு மணி என்றால் கிளம்பு. இரண்டு என்றால் உலுக்கி எடு. மூன்று என்றால் நிறுத்து. அவள் ஒரு கிரகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதில் அவளுக்குப் பெரிய குறையும் இல்லை.

வினை மகள் வழியாக வந்தது. "உங்கம்மா என்ன வேலை?" என்று நாலாம் வகுப்பு டீச்சர் கேட்டதற்கு, "ராக்கெட் ஓட்டுறாங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டவும் வழியில்லை. வீட்டில் அப்படி அளந்து வைத்தவளே அம்மாதான். அடுத்த வாரம் மொத்த வகுப்பும் காட்சிக்கூடத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் அம்மா நேரே கேப்டனிடம் ஓடினாள். பிள்ளை புளுகினி என்று பெயர் வாங்கிவிடுமே!

"சார், அந்த ஒரு ஷோவுக்கு நான் மேல நிக்கிறேன். தொப்பிய மட்டும் குடுங்க."

"குடுக்கலாம்மா. கீழ யாரு ஆட்டுறது? நான் உள்ள நுழைஞ்சா, வெளிய எடுக்க ராக்கெட்டையே பிரிக்கணும்" என்றார் கேப்டன். அவர் உடம்பு அப்படி.

அந்த நாளும் வந்தது. அவள் வழக்கம்போல அடியில் குனிந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல், மகள் இருந்த முதல் அணியின் பன்னிரண்டு ஜோடி ஷூக்கள் தடதடத்தன.

"எங்கடி உங்கம்மா? அந்தத் தொப்பி அங்கிள்தானே ஓட்டுறாரு?" என்றது ஒரு குரல். "புளுகினி!"

கீழே இருந்தவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். மணி அடித்தது, ஆட்டினாள். நிலாவைத் தாண்டிச் செவ்வாயில் இறங்கினார்கள்.

"குழந்தைகளே, இங்க ஒரு ஈ காக்கா கூடக் கெடையாது" என்றார் கேப்டன், கரகரத்த குரலில்.

அப்போது பார்த்துப் பதினோரு வருடத் தூசி அவள் மூக்கில் ஏறியது. அடுத்தடுத்து மூன்று தும்மல்.

"ஐயோ, யாரோ இருக்காங்க!" என்று ஒரு பையன் இருக்கைமேல் ஏறி நின்றான். கேப்டன் வாயைப் பிளந்தபடி நின்றார். மகள் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்து, பலகை இடுக்கில் வாயை வைத்தாள்.

"அம்மா... நீயா?"

அடியில் இருக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். கம்பி நெற்றியில் அடித்தபோதுகூட அவள் சத்தம் போட்டதில்லை. இன்று, போனால் போகட்டும் என்று தோன்றியது.

"ஆமாடி, நான்தான். தரையில படுக்காத. போய் பெல்ட்டப் போடு. அடுத்தது வியாழன், பயங்கரமா ஆடும்."

மேலே பன்னிரண்டு பெல்ட்டுகளும் டக் டக்கென்று மாட்டுகிற சத்தம் கேட்டது. புளுகினி என்று சொன்ன அதே குரல், இப்போது தரையைப் பார்த்துப் பேசியது.

"ஆன்ட்டி... கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க ஆன்ட்டி."