கஜேந்திரனின் போனைப் பிடித்த வேன்

திருகாணிகள் நான்கையும் இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் கஜேந்திரன் பேசுவார். "இத கழட்டி வீசச் சொல்லாதீங்க சேர். செட்டு இன்னும் உசுரோடதான் இருக்கு. காது மட்டும் புதுசா வச்சுத் தாறேன்." சொல்லி முடிப்பதற்குள் என் பழைய சன்னி காரின் கசெட் செட் வெளியே வந்து, வயர்கள் தொங்க, அவர் மடியில் குப்புறக் கிடந்தது.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு டயர்க் கடையை ஒட்டிய தகரக் கொட்டில்தான் அவருடைய இடம். வயது நாற்பத்திரண்டு. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர். இருபது வருடமாக வாகனங்களுக்கு செட் பூட்டுகிறார். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பழைய கார்க்காரர்கள். மலை வளைவில் போனைக் காதில் வைத்து ஓட்ட முடியாது, புது செட் வாங்கவும் மனமில்லை. கஜேந்திரன் கசெட் செட்டின் முதுகைத் திறந்து, தீப்பெட்டியளவு புளூடூத் போர்ட் ஒன்றை உள்ளே வைத்து, இரண்டு மெல்லிய வயர்களை ஈயத்தால் பற்றவைத்து மூடிவிடுவார். அதன் பிறகு போனில் வரும் பாட்டும் பேச்சும் பழைய ஸ்பீக்கரில் கேட்கும்.

பூட்டியதும் பாட்டுப் போட்டுப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தன் போனில் செய்தி அறிக்கையை ஓடவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "பாட்டுல பிழை மறைஞ்சிரும் சேர். மனுசன் பேசுனாத்தான் தெரியும்." சிங்களவர்கள் வந்தாலும் இதே சோதனைதான். செய்தி மட்டும் சிங்களத்துக்கு மாறும். சரியாக இருந்தால் "ஹரி மாத்தயா" என்று சிங்களத்திலேயே சரி சொல்லிக் கதவைத் திறந்து இறங்குவார்.

நான் போன அன்று தூறல். அவர் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்திருந்தார். சீட்டில் கிடந்த போன் அடித்தது. தலையை எடுக்காமலே கையை நீட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல். அவருடைய மனைவி பிரேமினி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது.

"சாப்பிட்டாச்சு. மொகத்தக் காட்டேன். பத்து நாளாச்சு நான் ஒன்னைப் பாத்து."

"கமரா சரியில்லீங்க. சொன்னேன்ல."

அதோடு போன் ஊமையாகிவிட்டது. கஜேந்திரன் "ஹலோ, ஹலோ" என்றார். பதில் வீதியிலிருந்து வந்தது. முன்னைவிடப் பல மடங்கு சத்தமாக, "கேக்குதுங்களா? ஹலோ?"

பத்தடி தள்ளி, வட்டவளைக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று அப்போதுதான் வந்து கதவைத் திறந்துவைத்து நின்றது. டிரைவர் மிலான், உடனே புறப்படப்போவதுபோல் எஞ்சினை ஓடவிட்டு, இறங்கி ஆள் பிடிக்கப் போயிருந்தான். குரல் அந்த வேனுக்குள்ளிருந்துதான் வந்தது.

"அட, மறந்துட்டேனே" என்று கஜேந்திரன் காரிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முந்தின நாள் மிலானின் வேனுக்கும் அவர்தான் புளூடூத் பூட்டியிருந்தார். சோதித்துப் பார்த்த தன் போனின் பெயரை வேனிலிருந்து அழிக்கவில்லை. வேன் பக்கத்தில் வந்ததும் அவர் போனைப் பிடித்துக்கொண்டது. இனி பிரேமினி பேசுவது வேனில் இருப்பவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். போனில் புளூடூத்தை நிறுத்தினால் போதும். அதைத்தான் செய்யப்போனார், கட்டைவிரலைத் திரைக்கு மேலே வைத்தபடி வேனை நோக்கி நடந்தார். அதற்குள் முன் சீட்டிலிருந்த ஒரு பெண் பதில் சொல்லிவிட்டாள்.

"யாரும்மா பேசுறது? இங்க ஒங்க சத்தம் வேனுக்குள்ள கேக்குது."

"ஐயோ. அவரு எங்க? நீங்க யாருங்க?"

"நான் மெரினா, வட்டவளை. வேன் பொறப்படக் காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க எங்கருந்து தங்கச்சி?"

"குவைத்துலங்க."

"அப்படியா! நானும் அங்க ஒம்போது வருசம் இருந்துட்டு வந்தவதான்."

பிரேமினியின் குரல் தாழ்ந்தது. தாழ்ந்தும் ஸ்பீக்கர் அதை வீதி வரைக்கும் கொண்டுவந்தது.

"அக்கா, கொதிக்கிற எண்ண கையில கொட்டிருச்சு. பத்து நாளாச்சு. இவங்க மருந்து மட்டும்தான் வாங்கித் தந்தாங்க. ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. இங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போவணும், எப்படிப் போவணும், ஒண்ணும் தெரியலக்கா."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

கஜேந்திரன் வேன் கதவை அடைந்திருந்தார். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. அவர் நிறுத்தவில்லை, பேசவும் இல்லை. பேசியிருந்தால் அவள் அதோடு வாயை மூடியிருப்பாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தூறலில் நின்றார். உள்ளே ஐந்தாறு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்படாத தங்கச்சி. மார்கிரட்டுனு நம்ம திம்புள்ளப் பக்கத்துப் புள்ள ஒண்ணு அங்கதான் இருக்கு. ஒன் நம்பரச் சொல்லு. இன்னைக்கே பேசச் சொல்றேன்." மெரினா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"அவருகிட்ட சொல்லிராதீங்கக்கா. தனியா இருக்காரு. தாங்க மாட்டாரு."

"சொல்ல மாட்டேன்."

மேடம் கூப்பிடுவதாகச் சொல்லி பிரேமினி போனை வைத்தாள். மெரினா திரும்பியபோது கதவருகே நனைந்து நின்றவரைக் கண்டாள். யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "நான் ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்க தம்பி. நீங்களா கேட்டுக்கிட்டதுதான்" என்றாள். அவர் தலையை ஆட்டி, மெரினாவின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து என் செட்டைப் பூட்டினார். மூன்று திருகாணிகளை முறுக்கிவிட்டு நாலாவதைத் தரையில் தேடினார். அது அவர் வாயில் இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து மறுபடி போனேன். எஞ்சின் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தம். "எர்த் சரியில்ல சேர்" என்று கீழே நுழைந்துகொண்டவர், கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். மார்கிரட்டும் தூதரகத்து ஆள் ஒருவரும் போய் நின்ற பிறகுதான் பிரேமினியை ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். வெந்த இடம் ஆறியது. விரல் இரண்டும் மடங்கவில்லை. போன மாதம் வந்துவிட்டாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும், "அடுப்புல லேசா பட்டுருச்சுங்க" என்றாளாம். இவர் "ம்" என்றாராம்.

"தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒளிஞ்சு நின்னு கேட்டவன்தானே சேர் நான். அவளா சொல்லட்டும்."

பிரேமினி கொட்டிலின் உள்ளே ப்ளேன் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் இடக்கையால். வலக்கை சால்வைக்குள் இருந்தது. எனக்குக் கோப்பையைத் தரும்போதும் அது வெளியே வரவில்லை. கஜேந்திரனும் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்போது வட்டவளை வேனிலிருந்து இறங்கி ஒரு பெண் வந்தாள். "கை எப்படி இருக்கு தங்கச்சி?"

போனில் மட்டும் கேட்ட குரல். பிரேமினிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "மெரினாக்கா!" என்று இடக்கையால் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள். மெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நாளில் புருசனும் பெண்சாதியும் பேசித் தீர்த்திருப்பார்கள் என்ற நினைப்பில் சொன்னாள்: "அன்னைக்கு நீ பேசி முடிக்கிற வரைக்கும் இந்த மனுசன் கதவப் புடிச்சுக்கிட்டு மழையில நின்னாரே, அதச் சொல்லு."

டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்குரூ டிரைவர் சத்தம் நின்றது.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் பிரேமினி.

கஜேந்திரன் வெளியே வந்தார். துணியை எடுத்துக் கைகளில் இருந்த கறுப்பை விரல் விரலாகத் துடைத்தார். பிறகு அவளுடைய சால்வையை விலக்கி, அந்தக் கையை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.