போபோவுக்குப் பின்னால் ஒரு பெயர்

ஹராமோட்டோ ஹவாய்த் தீவின் ஹீலோ சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். எங்கள் பக்கத்து வீடு. மனைவி கிமியோவை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து “ஓய்”தான். சோற்றுக்கும் ஓய், சட்டைக்கும் ஓய். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மனிதர் இரண்டு ஆர்க்கிட் பூச்செடிகளை மகரந்தம் மாற்றிச் சேர்த்து, விதை எடுத்து, வருஷக்கணக்கில் வளர்த்தார். முதல் மொட்டு வந்ததும் வேலியோரம் வந்து கிசுகிசுத்தார். “தோமோயே, இதுக்கு கிமியோன்னு பேர் பதியப்போறேன். அவகிட்ட மூச்சு விட்டுடாத.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சிக்கல், எதிர்வீட்டு மெதெய்ரோஸ். அவரும் அதே இரண்டு செடிகளைத்தான் சேர்த்திருந்தார். இவர் தாயாக வைத்ததை அவர் தந்தையாக வைத்திருந்தார், அவ்வளவுதான். மாற்றிச் சேர்த்தாலும் கலப்பு ஒன்றே, பெயரும் ஒன்றே. யார் பூ முந்திக்கொண்டு லண்டனில் இருக்கும் ஆர்க்கிட் பதிவேட்டில் ஏறுகிறதோ, அந்தப் பெயரைத்தான் அந்த ஜோடியின் பிள்ளைகள் எல்லாம், எந்த ஊரில் பிறந்தாலும், சுமக்க வேண்டும். மெதெய்ரோஸோ தன் நாய் போபோவின் பெயரை வைக்கப்போவதாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

ஹராமோட்டோவுக்குச் சோறு இறங்கவில்லை. மழை விடாமல் கொட்டியது. நத்தை ஏறாதபடி மொட்டின் காம்பில் பஞ்சு சுற்றி வைத்தார். அப்படியும் ஒரு காலையில் மொட்டில் ஓட்டை. அடுத்த மொட்டு வீம்புக்குப் பச்சையாகவே நின்றது. அதற்குள் எதிர்வீட்டில் பூ விரிந்து, பதிவும் ஆகிவிட்டது.

“என்ன ஹராமோட்டோ, உன் மொட்டு இன்னும் தூங்குதா?” மெதெய்ரோஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். “இனிமே உன் வீட்டுச் செடியும் போபோதான். லொள் லொள்னு குரைக்கச் சொல்லு!”

ஹராமோட்டோ விறுவிறுவென்று உள்ளே போனார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. பின்னாலேயே போய்க் கேட்டேன்: “ஏன் அண்ணே, வாயைத் தொறந்து கூப்பிட்டா ஆகாதா? லண்டன்காரன் எழுதித் தரணுமா?”

“வரமாட்டேங்குது” என்றார்.

மிச்சமிருந்த மொட்டு விரிந்தபோது, மெதெய்ரோஸின் பூ அதன் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. ஒரே கலப்பில் பிறந்தாலும், தனித்துச் சிறக்கும் ஒரு செடிக்கு மட்டும், பதிவான பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் சேர்க்கலாம். ஹராமோட்டோ சேர்த்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கண்காட்சியில் அதற்கே முதல் பரிசு. பரிசு வாங்குபவர் மேடையேறிப் பூவின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆர்க்கிட் சங்கத்தின் வழக்கம். அதை மறந்தே போயிருந்தார் மனிதர்.

“போபோ...” என்றார். மண்டபம் சிரித்தது. மெதெய்ரோஸ் சீட்டியடித்தார். ஹராமோட்டோவின் காது சிவந்தது. இறங்கி ஓடிவிடுவாரோ என்று பயந்தேன்.

“போபோ...” மறுபடியும் நின்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “கிமியோ” என்றார்.

பின்வரிசையில் என்னோடு சோற்றுருண்டை பரிமாறிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

“தோமோயே, யாரோ என்னைக் கூப்பிட்டாங்களே,” என்றாள். “யாருடீ அது?”