மாமாவோட கைக்குட்டையும் ஒரு சைக்கிள் சீட்டும்

மாமா சட்டைப் பையில எப்பவும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். மூஞ்சி தொடைக்க இல்ல, அதுக்குத் தோள்ல துண்டு இருந்துச்சு. கைக்குட்டை சந்தேகப்படுறதுக்கு. ஓட்டல்ல உக்காந்தா மேஜையில ஒரு இழு இழுத்து, வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாரு. பஸ் சீட்டு, தராசுத் தட்டு, ஒரு தடவை என் கழுத்து, எதையும் விட்டதில்ல. எங்கம்மாவுக்கு அண்ணன். விருதுநகர்ப் பக்கம் பலசரக்குக் கடை வெச்சிருந்தாரு. மல்லியில கலப்படம் கண்டுபுடிச்சுப் பழகின கண்ணு, மனுஷங்களையும் அப்படியே சலிச்சுப் பாக்கும்.

அவரு நெய்வேலிக்கு வந்தது எங்க அக்கா கல்யாண விஷயமா. அப்பாவுக்கு பவர் ஹவுஸ்ல வேலை. மாப்பிள்ளை பக்கத்து பிளாக், மைன்ஸ்ல இருக்காரு, பெர்மனென்ட்னு சொன்னாங்க. மத்த ஊர்ல பத்துப் பொருத்தம் பாப்பாங்க. எங்க ஊர்ல பதினொண்ணு. அந்தப் பதினொண்ணாவது, ஆளு பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா. அது சரியா இருந்தா மீதிப் பத்தையும் ஜோசியக்காரரே சரி பண்ணிடுவாரு.

"பெர்மனென்ட்னு யாரு சொன்னது?"ன்னு கேட்டாரு மாமா.

"மாப்பிள்ளையே சொன்னாருண்ணே"ன்னு அம்மா.

"அப்ப இன்னும் தெரியலைன்னு சொல்லு."

ஆபீஸ்ல போய் விசாரிக்கிறது அசிங்கம்னு அப்பா ஒரே பிடியா நின்னுட்டாரு. சரி, நானே பாத்துக்கிறேன்னு மாமா கிளம்பினாரு. துணைக்கு நான். அப்போ டிப்ளமோ முடிச்சுட்டு வீட்ல இருந்தேன். வேலை இல்லாதவனுக்கு ஊரைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு ஒரு நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. எனக்கே இருந்துச்சு.

எங்க ஊருக்கு யார் வந்தாலும் சுரங்கத்தைக் காட்டுறதுதான் வழக்கம். வேற ஊர்ல கடல் இருக்கும், மலை இருக்கும். எங்ககிட்ட இருக்கிறது பள்ளம். விருந்தாளிக்கு இட்லி குடுத்து, கூட்டிட்டுப் போய் பள்ளத்தைக் காட்டி அனுப்புவோம். வியூ பாயின்ட்ல நின்னா கண்ணுக்கு எட்டின மட்டும் படி படியா வெட்டின பூமி. அடியில ராட்சசச் சக்கரம் வெச்ச மெஷின், பொம்மை மாதிரி தெரியும். எல்லாரும் அதைப் பாத்து வாயைப் பொளப்பாங்க. மாமா வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு.

"தோண்டுற மண்ணு எங்கடா மாப்ள போகுது?"

"பெல்ட்டுல போய் அந்தப் பக்கம் கொட்டும் மாமா."

"இங்க எடுத்து அங்க கொட்டுறதுக்கு சம்பளமா?"

கீழ கெடந்த ஒரு கரிக்கட்டியைக் கைக்குட்டையில தேய்ச்சுப் பாத்தாரு. பழுப்பா ஒட்டுச்சு. "கரின்னா கறுப்பால்ல இருக்கணும்? இது காப்பித்தூள் நெறத்துல இருக்கே. உங்க ஊர்ல கரியே ஒரிஜினல் இல்லையேடா"ன்னாரு. எங்க ஊர் நடராஜர் கோயில்ல மட்டும் கைக்குட்டையை வெளிய எடுக்கல. பார்க், பஜார் எல்லாம் சுத்திட்டு வர்றப்போ நேர்க்கோடு போட்ட மாதிரி ரோட்டையும், அச்சுல வார்த்த குவார்ட்டர்ஸையும் பாத்துக்கிட்டே வந்தாரு. "எல்லா வீடும் ஒண்ணு போல இருந்தா, பொய் சொல்றவன் எந்த வீட்ல இருக்கான்னு எப்படிடா கண்டுபுடிக்கிறது?"

அங்கதான் நான் என் அறிவைக் காட்டினேன். "ரொம்ப சுலபம் மாமா. பெர்மனென்ட் ஆளுங்க கம்பெனி பஸ்ல வருவாங்க. சுத்துப்பட்டு ஊர்லேருந்து வர்ற கான்ட்ராக்ட் ஆளுங்க சைக்கிள்ல வருவாங்க. ஸ்டாப்புல நின்னா தெரிஞ்சிடும்." அந்தக் காலத்துல எங்க ஊர்ல எல்லாரும் நம்பின கணக்கு இது.

மாப்பிள்ளை இருந்தது அவங்க அப்பா குவார்ட்டர்ஸ்ல. அதுக்குப் பக்கத்து ஸ்டாப்புல, டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு பஸ்ஸுங்க வந்துச்சு. மாமா மடியில மாப்பிள்ளை போட்டோ. இறங்கின ஒவ்வொரு மூஞ்சியையும் போட்டோவோட ஒத்துப் பாத்தாரு. மாப்பிள்ளை இறங்கல. டீக்கடைக்காரர் எட்டிப் பாத்துட்டு, "இந்தத் தம்பியா? இவுரு பஸ்ஸுல வர மாட்டாருங்க. தெனமும் சைக்கிள்லதான் போய்கினு வந்துகினு இருக்காரு"ன்னாரு.

மாமா என்னைப் பாத்தாரு. நான் டீக்குக் காசு குடுக்க எந்திரிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும், "பய கான்ட்ராக்ட்டு. நாளைக்கே வேண்டாம்னு தாக்கல் சொல்லிருவோம்"னுட்டாரு. அம்மா அழுதாங்க. அக்கா ராத்திரி சாப்பிடல. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஒரு தடவை பாத்த ஆளுக்காகவா இவ்வளவுன்னு எனக்குப் புரியல. மாமாவுக்கு அதுவே இன்னொரு சந்தேகமாப் போச்சு.

மறுநாள் சாப்பாடு முடிஞ்சு மாமா பின்பக்கம் பலா மரத்தடியில கட்டில் போட்டுப் படுத்திருந்தாரு. நான் பக்கத்துல. அக்கா ஒரு வாளித் துணியோட வந்து கொடியில காயப்போட ஆரம்பிச்சா. மாமா மெதுவா எந்திரிச்சுப் போய் ஒரு பாவாடையைத் தொட்டுப் பாத்தாரு. "ஏத்தா, காஞ்ச துணிய எதுக்குத் திரும்பக் காயப்போடுற?"

அக்கா பதில் சொல்றதுக்குள்ள வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி அடிச்சுச்சு. மைன்ஸ் யூனிஃபார்ம், ஹேண்டில்பார்ல ஹெல்மெட், போட்டோவுல பாத்த அதே மூஞ்சி. மாமா வேலியைத் தாண்டிப் போய் வண்டியை மறிச்சுட்டாரு. அவரு அவ்வளவு வேகமாப் போய் நான் பாத்ததில்ல.

"என்ன தம்பி, உனக்குக் கம்பெனி பஸ் கிடையாதா?"

அந்த ஆளு சைக்கிள விட்டு இறங்கினாரு. மாமாவைப் பாத்தாரு, கொடியைப் பாத்தாரு, அப்புறம் தரையைப் பாத்தாரு. "பஸ்ல எனக்கு ஜன்னல் சீட்டே இருக்கு சார். ஆனா பஸ் இந்தத் தெருவுல வராதே."

அக்கா அந்தப் பாவாடைக்குப் பின்னாலேயே நின்னுட்டா. மாமா கைக்குட்டையை எடுத்து சைக்கிள் சீட்டுல ஒரு இழு இழுத்தாரு. வெளிச்சத்துல புடிச்சாரு. வெள்ளையா இருந்துச்சு.

உள்ள வந்து அம்மாகிட்ட, "சுரங்கத்துலேருந்து வர்ற வண்டி. சீட்டுல பொட்டுத் தூசி இல்ல. தெரு முக்குல நின்னு தொடச்சுட்டு வர்றான். குடுக்கலாம்"னாரு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ஆனா சாகுற வரைக்கும் என்னைத் தனியாப் பாக்குறப்பல்லாம் கேப்பாரு: "பஸ் இருக்குறவன் எதுக்குடா சைக்கிள் வாங்குனான்? பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியேவா, அப்புறமா?" அக்காகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு உள்ள போயிட்டா.

இப்போ நானும் குவார்ட்டர்ஸ்லதான் இருக்கேன். எப்படியோ நானும் பெர்மனென்ட் ஆயிட்டேன், கம்பெனி செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்னு என் வீட்டம்மா சொல்லுவா. கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா ஒரு பையன் பைக்ல எங்க தெருவுல வர்றான். முட்டுச் சந்து. யாருக்கும் இங்க வேலை கிடையாது. நேத்து அவன் வண்டியை நிறுத்திட்டு போன்ல பேசிக்கிட்டே தள்ளிப் போனப்போ, நான் கேட்டைத் திறந்து வெளிய போனேன். திரும்பிப் பாத்தா மாடியில என் பொண்ணு துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கா. எங்க வீட்ல துணி காயப்போடுறது நான்தான்.

என்கிட்ட இருந்த கைக்குட்டை அவ்வளவு வெள்ளை இல்ல. இருந்தாலும் பைக் சீட்டுல ஒரு இழு இழுத்தேன். தூக்கிப் புடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல. நிமிர்ந்தா பையன் எதிர்ல நிக்கிறான்.

"உள்ள வா தம்பி, டீ குடிச்சுட்டுப் போலாம்"னேன்.

அவன் என்னைப் பாத்தான், கைக்குட்டையைப் பாத்தான். எங்க மாமாவே தோத்துப் போற மாதிரி ஒரு சந்தேகப் பார்வை.