சாமைக் கோப்பு திறந்த நாள்

நெல்லிவாசல்நாட்டு மலைக் கிராமத்தில் நான் பார்த்த ஆராய்ச்சி மாணவிக்குத் தூக்கமில்லாத கண்கள். இளம்பயிரை அழிக்கும் குருத்து ஈயைத் தாங்கும் சாமை ரகம் எது என்று விதைப்புக்கு முன் அவர் சொல்லியாக வேண்டும். மரபணுத் தகவல் கோப்பு சிறியதுதான். திறந்தால் நினைவகத்தையெல்லாம் விழுங்கி மடிக்கணினியை முடக்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதன் அடியில் கைவைத்துச் சூடு பார்ப்பார்.

"இன்னாம்மா, ஜொரம் வுட்டுச்சா?" என்பார் சாமை விதைக்கக் காத்திருந்த நிலக்காரர்.

கடைசியில் சில வரிகளை மட்டும் திறந்தபோது காரணம் தெரிந்தது. கணினி எண்களையெல்லாம் எழுத்துகளாகப் படித்து, பல மடங்கு இடத்தை அடைத்திருந்தது. திருத்தியதும் முழுக்கோப்பும் திறந்தது.

"இன்னிக்கே சொல்லிடுறேங்க," என்றார் நிலக்காரரிடம்.

"மழை பேஞ்சுச்சேம்மா. இருந்த வெதைய காலைலயே தெளிச்சிட்டோம்."

மாணவி தலையசைத்தார். ஆனால் கணக்கை நிறுத்தவில்லை. முடிவு வரும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. இனி யாருக்காக என்று கேட்க வந்த நான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன்.